வெளிச்சத்தம்

கூரியர் வண்டி வாசலில் வந்து நின்றபோது எழில்மொழி அம்மாவுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். துண்டை அப்படியே அம்மாவின் தோளில் போட்டுவிட்டு, இடுப்பில் செருகியிருந்த சாவியை உருவிக்கொண்டு முன்பக்கம் ஓடினாள். வீட்டுக்கு மரக்கதவு ஒன்று, அதற்கு வெளியே இரும்புக் கம்பிக்கதவு ஒன்று. கம்பிக்கதவு போன பொங்கலுக்கு வந்தது. ஓசூரிலிருந்து வந்திருந்த அண்ணன் பகலவன், மூன்று நாள் விடுப்பில் நீடாமங்கலத்து வெல்டிங் ஆளை அழைத்துவந்து, அளவெடுத்து மாட்டி, பச்சைப் பெயின்டும் அடித்துக் கொடுத்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து யார் வந்தாலும் அவள் முதலில் சாவியைத் தேட வேண்டும்.

துரைராசு கோரையாற்றங்கரையின் ஏழெட்டு ஊர்களுக்கும் ஒரே கூரியர்காரர். இறங்காமலே பெட்டியை நீட்டினார். “ரெண்டு கையாலயும் வாங்கிக்கங்க. ஒடையிற சாமான்னு ஒட்டியிருக்கு. ஓடிபி வந்திருக்கும் பாருங்க.”

அவள் எண்ணைப் படித்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அம்மா பின்னால் வந்துவிட்டாள். ஈரத்தலை, தோளில் துண்டு, கைகள் இரண்டும் முன்னால் கட்டியபடி.

“அய்யா, வண்டி எந்தப் பக்கம் போவுது? பூவனூர் பக்கம்னா என்னையும் ஏத்திக்கங்க. நடவுக்கு ஆளு எறங்கியிருக்கும். இந்த வூட்டுல என்னைய அடைச்சுப் போட்டிருக்காங்க.”

துரைராசு எழில்மொழியைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த போனைப் பார்த்தார். “நாளைக்கு இந்தப் பக்கந்தான் வருவேன் பெரியம்மா. நாளைக்கு ஏத்திக்கிறேன்” என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். எழில்மொழி பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, முழங்காலால் கம்பிக்கதவைச் சாத்தி, பூட்டைக் கொண்டியில் மாட்டிவிட்டு உள்ளே வந்தாள். அம்மாவுக்கு இன்று தலைக்கு ஊற்றியதே இந்தப் பெட்டிக்காகத்தான். தலைக்கு ஊற்றினால் அம்மா உச்சிவேளை வரை தூங்குவாள்.

பெட்டிக்குள் இருந்தது ஒரு பாட்டுக் கருவி. உள்ளங்கை அகலம், கறுப்பு, கல் போன்ற கனம். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று செய்து விற்பது. போனில் பாட்டுக் கேட்பது போதாது, பாடகர் மூச்சு வாங்குவதும் கேட்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் வாங்குவது. அந்தக் கம்பெனியின் வாடிக்கையாளர்கள் கேட்கும் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் சொல்வதுதான் ஐந்து வருடமாக எழில்மொழியின் வேலை. அப்டேட் போட்ட பிறகு காரோடு சேரவில்லை என்பார்கள். பழைய இணைப்பை அழித்துவிட்டுப் புதிதாகச் சேருங்கள் என்பாள். திரை கறுப்பாகவே நிற்கிறது என்பார்கள். பத்து விநாடி பட்டனை அழுத்திப் பிடியுங்கள் என்பாள். எந்தப் பட்டியலில் எத்தனையாவது வரியில் எது இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். ஆனால் அந்தக் கருவியை அவள் இதுவரை தொட்டதில்லை. அதில் ஒரு பாட்டும் கேட்டதில்லை. சென்னையில் பெருங்குடி அலுவலகத்தில் இருந்தபோது கண்ணாடி அலமாரிக்குள் ஒன்று இருந்தது. அலமாரிக்குச் சாவி மேலதிகாரியிடம்.

நோய்த்தொற்றுக் காலத்தில் எல்லோரும் வீட்டுக்கு அனுப்பப்பட்டபோது கணினியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. அடுத்த வருடம் அப்பா இராஜாங்கம் இறந்தார். விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் முப்பது வருடம் இருந்தவர், பிள்ளைகளுக்குப் பகலவன் என்றும் எழில்மொழி என்றும் பெயர் வைத்தவர், கடன் இல்லாமல் ஒரு கான்கிரீட் வீட்டைக் கட்டி அதில் ஒன்பது மாதம் மட்டும் படுத்துவிட்டுப் போனார். அதன்பிறகு அம்மா குழம்பில் இரண்டு முறை உப்புப் போட ஆரம்பித்தாள். பிறகு ரேஷன் கடைக்குப் போன வழி மறந்தது. பிறகு ஒருநாள் காலையில் எழில்மொழி காபியை நீட்டியபோது, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, “நான் கொல்லப்பக்கமா போய் குடிச்சுக்கிறேங்கம்மா” என்றாள்.

முதலில் அது வேடிக்கை என்றுதான் எழில்மொழி நினைத்தாள். இரண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது. அம்மாவின் கண்ணுக்கு அவள் பெரிய வீட்டு அம்மா. பத்து வயதிலிருந்து அம்மா அம்சம் யாருடைய வயலில் குனிந்தாளோ, யாருடைய கொல்லையில் நின்று கஞ்சி வாங்கினாளோ, அந்த வீட்டு அம்மா. யோசித்துப் பார்த்தால் அதில் தப்பும் இல்லை. தளம் போட்ட வீடு, தலைக்கு மேல் விசிறி, நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற பெண், இடுப்பில் சாவி. சாவி வைத்திருக்கிறவள் வேறு யாராக இருக்க முடியும்? நான் உன் மகள் என்று சொன்னால் அம்மா பயந்தாள். சோதித்துப் பார்க்கிறார்கள் என்று நினைத்து, அப்படியெல்லாம் சொல்லாதீங்கம்மா என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அதனால் எழில்மொழி சொல்வதை விட்டுவிட்டாள். இவள் அவளை அம்மா என்று கூப்பிடுவாள். அவளும் இவளை அம்மா என்றே கூப்பிடுவாள். பகலெல்லாம் அந்த வீட்டில் கேட்கிற வார்த்தை அது ஒன்றுதான்.

அம்மா இரண்டு முறை காணாமல் போனாள். ஒரு முறை ரயில்வே கேட்டில் கண்டுபிடித்தார்கள். இன்னொரு முறை கோரையாற்றில், முழங்கால் தண்ணீரில், கரையேறத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள். அதற்குப் பிறகுதான் கம்பிக்கதவு. போன வாரம் பகலவன் போனில், தஞ்சாவூரில் ஒரு இல்லம் இருக்கிறது, நல்லவர்கள் நடத்துகிறார்கள், விசாரித்துவிட்டேன் என்றான்.

“அங்க அம்மாவ பூட்டி வச்சுருவாங்கண்ணே.”

“நீயும் பூட்டித்தானே வச்சிருக்க?” என்றான் அவன். குத்திக் காட்டுகிற குரலில் சொல்லவில்லை. களைத்துப்போன குரலில், தனக்கும் சேர்த்துக் கேட்பதுபோல்தான் கேட்டான்.

அதே வாரத்தில் அலுவலகத்திலிருந்தும் கடிதம் வந்தது. அடுத்த மாதம் முதல் எல்லோரும் பெருங்குடிக்கு வந்துவிட வேண்டும். ஒவ்வொரு அப்டேட்டையும் வெளியிடுவதற்கு முன்னால் கருவியில் போட்டுப் பார்த்துச் சொல்வதற்கு இரண்டு பேரை மட்டும் வீட்டிலிருந்தே வேலை செய்ய விடுவார்கள். ஐந்து பேருக்குக் கருவியை அனுப்பி, ஆளுக்கொரு அறிக்கை கேட்டிருந்தார்கள். இவளுக்கு வர வேண்டிய பெட்டி திருச்சியில் இரண்டு நாள் கிடந்துவிட்டது. கடைசி நாள் இன்று. குழுத் தலைவி ஷமீரா காலையிலேயே குரல் பதிவு அனுப்பியிருந்தாள். “எழில், மூணு மணிக்குள்ள குடுத்துருப்பா. மத்த நாலு பேரும் குடுத்துட்டாங்க. உன் நிலைமைய நான் மேல சொல்லியிருக்கேன். ஆனா ரிப்போர்ட் இல்லாம என்னால பேச முடியாது.”

எழில்மொழிக்கு இதில் யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. பெட்டி இன்றும் வராமலே போகட்டும் என்று விடியற்காலையில் ஒரு நிமிடம் நினைத்தாள். வராவிட்டால் சென்னைக்குப் போயே ஆக வேண்டும். போயே ஆக வேண்டும் என்றால் அண்ணன் எதையாவது முடிவு செய்தே ஆக வேண்டும். முடிவை அவள் எடுத்ததாக இருக்காது. பல்லைத் தேய்த்துக்கொண்டே அப்படி நினைத்துவிட்டு, வாயைக் கொப்பளித்த கையோடு அம்மாவுக்கு வெந்நீர் வைக்கப் போனாள்.

அம்மா தூங்கினாள். கருவியில் சார்ஜ் இல்லை. பாதிக்கு மேல் ஏறினால்தான் அப்டேட் போகும் என்று ஆயிரம் பேருக்கு எழுதியவள், ஒயரைச் செருகிவிட்டுத் தரையில் உட்கார்ந்து எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டுக்கு வீட்டு வைஃபையோடு சேர்த்தாள். புதிய பதிப்பு இருக்கிறது, இறக்கவா என்று கேட்டது. இறக்கு என்றாள். திரையில் ஒரு வளையமும், முடியும்வரை அணைக்க வேண்டாம் என்ற எச்சரிக்கையும் வந்தன. எண்பத்தேழில் நின்றது. பயப்படாதீர்கள், எண்பத்தேழில் நிற்பது வழக்கம்தான் என்று அவளே எத்தனையோ பேருக்குத் தைரியம் சொல்லியிருக்கிறாள். இப்போது அவள் நிமிர்ந்து விசிறி ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டாள். மின்சாரம் போய்விட்டால் வைஃபை போகும், வைஃபை போனால் எல்லாம் முதலிலிருந்து. ஆனால் போகவில்லை. நூறானது. கருவி தானே அணைந்து, தானே உயிர்த்து, சின்னதாக ஒரு மணியடித்தது.

கணினியோடு ஒயர் வழியாகச் சேர்த்தாள். ப்ளூடூத்தில் தன் சின்ன ஒலிபெருக்கியோடு சேர்த்தாள். எதிர்பார்த்ததுபோலவே பழைய இணைப்பை அழித்த பிறகுதான் சேர்ந்தது. அதையும் குறித்துக்கொண்டாள். ஒரு மணிக்கு அம்மா எழுந்தாள். ரசம் சோறும் கத்தரிக்காயும் பிசைந்து கொடுத்தாள். அம்மா எப்போதும்போல் தட்டைத் தூக்கிக்கொண்டு, பூட்டியிருந்த கொல்லைக் கதவை ஒட்டி உட்கார்ந்து சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, “நேரமாவுதுங்கம்மா. நாத்து முடி காஞ்சு போயிடும். கதவத் தொறந்து வுடுங்க” என்றாள்.

“கொஞ்சம் இருங்கம்மா. ஒரு வேலை இருக்கு, முடிச்சிட்டுத் தொறக்குறேன்” என்றாள் எழில்மொழி. தினமும் சொல்கிற பொய்தான்.

மிச்சம் இருந்தது கேட்டுப் பார்ப்பது. பெட்டியிலேயே ஒரு இயர்போன் இருந்தது. காதுக்குள் திணித்துக்கொள்கிற ரப்பர் முனை. கருவியில் எட்டுப் பாடல்கள் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். எட்டையும் இடைவெளி இல்லாமல் கேட்க வேண்டும், நாற்பது நிமிடம். அவள் உள்ளறையில் கட்டிலோரம் உட்கார்ந்து, கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, முனைகளை ஒவ்வொன்றாகச் செருகினாள்.

பாட்டு இன்னும் ஆரம்பிக்கவில்லை. ஆனால் வீடு போய்விட்டது. விசிறியின் கடகடப்பு போய்விட்டது. பக்கத்து வீட்டு டிவி, தெருவில் போகிற டிராக்டர், கம்பிக்கதவை ஆட்டிப் பார்க்கிற சத்தம், நேரமாவுதுங்கம்மா, தொறந்து வுடுங்கம்மா, எல்லாம் யாரோ ஒரே கையால் வழித்தெடுத்ததுபோல் போய்விட்டன. இரண்டு வருடமாக அவள் தூக்கத்திலும் ஒரு காதைத் திறந்து வைத்திருந்தாள் என்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. கழுத்தின் பின்புறம் ஏதோ ஒன்று இளகிக் கீழே இறங்கியது.

பிறகு ஒரு பெண் பாடினாள். என்ன மொழி என்று தெரியவில்லை. பாடுவதற்கு முன் உதட்டைப் பிரித்தது கேட்டது. மூச்சு இழுத்தது கேட்டது. பின்னால் யாரோ உட்கார்ந்திருந்த நாற்காலி ஒரு முறை கிறீச்சிட்டது. அந்தப் பெண் இடப்பக்கம் சற்றுத் தள்ளி நிற்கிறாள், அவளுக்குப் பின்னால் பெரிய கூடம் இருக்கிறது, கூடத்தின் சுவர் எவ்வளவு தூரம் என்று காதாலேயே சொல்லிவிடலாம். பத்துக்குப் பன்னிரண்டு அறைக்குள் உட்கார்ந்திருந்த எழில்மொழியைச் சுற்றி அந்தக் கூடம் விரிந்தது. குறிப்பெடுக்க வைத்திருந்த பேனா மடியில் கிடந்தது. வாடிக்கையாளர்களைப் பற்றி அவள் மனதுக்குள் எத்தனை முறை சலித்துக்கொண்டிருக்கிறாள், ஒரு பாட்டுக்கு இவ்வளவு பாடா என்று. இதற்காகவா சண்டை போட்டார்கள், ஆமாம், சண்டை போடலாம் என்று நினைத்தாள்.

மூன்றாவது பாட்டிலோ நான்காவதிலோ அம்மா அறை வாசலில் வந்து நின்றாள். எழில்மொழி பார்த்தாள். அம்மாவின் உதடுகள் அசைந்தன. ஒரு கை முன்வாசல் பக்கம் காட்டியது. ஏதோ கேட்டாள், பதிலுக்காக முகத்தைச் சற்றுச் சாய்த்துக்கொண்டு நின்றாள். சத்தம் இல்லாமல் பார்க்கும்போது அந்த முகம் கெஞ்சுகிற முகமாகத் தெரியவில்லை. ரொம்ப நாளைக்கு முன்னால் பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்கிற முகமாக இருந்தது. இயர்போனைக் கழற்ற ஒரு நொடி போதும். கழற்றினால் நேரமாவுதுங்கம்மா என்று கேட்கும். எழில்மொழி கண்ணை மூடிக்கொண்டாள். தலை மட்டும் பாட்டோடு லேசாக அசைந்தது. மறுபடி கண்ணைத் திறந்தபோது வாசலில் அம்மா இல்லை.

எட்டுப் பாட்டும் முடிந்து இயர்போனைக் கழற்றியபோது மணி இரண்டு இருபது. விசிறி ஓடியது. டிவி பேசியது. கம்பிக்கதவு மட்டும் சத்தம் போடவில்லை. அவள் கூடத்துக்கு வந்தாள். கம்பிக்கதவு ஒரு ஆள் நுழையும் அளவுக்குத் திறந்திருந்தது. பூட்டு வாய் பிளந்தபடி கொண்டியில் தொங்கியது. அவளுக்கு எல்லாம் துல்லியமாக நினைவு வந்தது. பெட்டி கையில் இருந்தது. பூட்டை மாட்டினாள், அமுக்கவில்லை. பெட்டியை வைத்துவிட்டு வந்து அமுக்கலாம் என்று நினைத்தாள்.

செருப்புப் போடாமல் ஓடினாள். முதலில் ஆற்றுக்கு. மேட்டூர் அணை திறந்து நாளாகியிருந்தது, கோரையாறு இரு கரையும் தொட்டுப் பழுப்பாகப் போய்க்கொண்டிருந்தது. படித்துறையில் துணி அலசிக்கொண்டிருந்த பெண், இந்தப் பக்கம் யாரும் வரலையே என்றாள். அவள் சொன்ன பிறகும் எழில்மொழி தண்ணீரையே பார்த்துக்கொண்டு கரையோடு மதகு வரை ஓடினாள். மதகின் கம்பிகளில் ஆகாயத்தாமரை சேர்ந்து அடைத்துக்கொண்டிருந்தது. அதில் சிக்கியிருந்த ஒரு வெள்ளைத் துணியைப் பார்த்து நின்றுவிட்டாள். உரச்சாக்கு. அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். எதற்காகவோ கையில் இறுகப் பிடித்திருந்தது என்ன என்று பார்த்தால், கருவி. இயர்போன் ஒயர் காலில் சுற்றிக்கொண்டு மண்ணில் இழுபட்டிருந்தது.

வரப்புப் பாதையில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. அப்துல் ஜலீல். கூத்தாநல்லூர்க்காரர், இந்த ஊரில் பதினாறு மா நிலம், ஐந்து ஏக்கருக்கு மேல், குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிறவர். அப்பாவோடு பழக்கம்.

“எழிலு, எந்திரி. பதறாத. அம்மா நம்ம வயல்லதான் நிக்கிறாங்க. ஒன்னும் இல்ல, நல்லாத்தான் இருக்காங்க. உன்னைத் தேடித்தான் வூட்டுக்குப் போயிட்டு வர்றேன்.”

“வயல்ல என்ன பண்றாங்கண்ணே?”

அவர் ஸ்கூட்டரைத் திருப்பி, பின்சீட்டைக் காட்டினார். “நடுறாங்க.”

ஜலீல் இந்த வருடமும் சம்பா நடவுக்கு வங்காளத்து ஆட்களைத்தான் இறக்கியிருந்தார். ஏழு பேர், இருபது முதல் முப்பது வயதுக்குள். வரப்பில் ஒரு டிபன் கேரியரின் மேல் வைத்திருந்த போனில் அவர்கள் மொழிப் பாட்டு ஒன்று கரகரத்துக்கொண்டிருந்தது. அந்த ஏழு பேருக்கு நடுவில், இடமிருந்து மூன்றாவதாக, சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, துண்டைத் தலையில் முண்டாசாகக் கட்டிக்கொண்டு அம்மா குனிந்திருந்தாள். இடக்கையில் ஒரு கட்டு நாற்று, நாற்றுமுடி. இடக்கைக் கட்டைவிரல் இரண்டு மூன்று பயிராகப் பிரித்துத் தள்ள, வலக்கை அதை வாங்கிச் சேற்றில் ஊன்றியது. பிரிப்பதற்கும் ஊன்றுவதற்கும் நடுவில் கண்ணுக்குத் தெரிகிற இடைவெளி இல்லை. காலையில் ரவிக்கைக் கொக்கியை மாட்டத் தெரியாமல் அரைமணி நேரம் நின்ற அதே விரல்கள். பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்தவன் ஒரு அடி பின்தங்கியிருந்தான். அவன் நிமிர்ந்து எழில்மொழியைப் பார்த்துச் சிரித்து, அம்மாவைக் கையால் காட்டி, “மா. பஹுத் தேஸ்” என்றான் இந்தியில், அம்மா ரொம்ப வேகம் என்று.

“மொதல்ல நான் வேணாம்னுதான் சொன்னேன்” என்றார் ஜலீல். “வரப்புல நின்னு கும்பிட்டாங்க. ஒரு நாள் வேலை குடுங்கய்யான்னு. ராஜாங்கண்ணன் சம்சாரம் என்னைப் பாத்துக் கும்பிடுறத எப்புடிம்மா நான் பாக்குறது? சரி எறங்குங்கன்னுட்டேன். அப்புறம் கூப்பிட்டா வரமாட்டேங்குறாங்க.”

எழில்மொழி வரப்பின் விளிம்பில் நின்று கூப்பிட்டாள். “அம்மா.”

அம்மா நிமிரவில்லை. தலையை மட்டும் திருப்பினாள். முகத்தில் சேற்றுப் புள்ளிகள். பெரிய வீட்டு அம்மா வயலுக்கே வந்துவிட்டதைப் பார்த்ததும் அந்த முகம் சுருங்கியது.

“சொல்லிட்டுத்தானேங்கம்மா வந்தேன். கதவு தொறந்து கெடக்கு, போயிட்டு வரட்டுமான்னு கேட்டேன். நீங்க கண்ண மூடித் தலைய ஆட்டுனீங்க. சரின்னுதான் வந்தேன்.”

எழில்மொழி கையிலிருந்த கருவியைப் பார்த்தாள்.

“கோவிச்சுக்காதீங்கம்மா. இன்னும் நாலு முடிதான் இருக்கு. பொழுது சாஞ்சதும் வூட்டுக்கு வந்துடுறேன்” என்றாள் அம்மா. கை அதற்குள் அடுத்த பயிரை ஊன்றியிருந்தது. “வந்தப்புறம் பூட்டிக்கிடுங்க.”

ஜலீல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, வாய்க்காலில் தண்ணீர் சரியாகப் பாய்கிறதா என்று பார்ப்பவர்போல் நடந்து போனார். எழில்மொழி வரப்பில் உட்கார்ந்தாள். கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் அம்மா கடைசியில் வருவாள். அதட்டினால் உடனே வருவாள். அறுபத்தேழு வருடமாக அதட்டலுக்கு வந்தவள்தான். அவளை வரச் செய்கிற அந்தக் குரல் தன் தொண்டையில் தயாராக இருப்பதை எழில்மொழி உணர்ந்தாள். எத்தனையோ முறை, குளிக்க வைக்க, மாத்திரை விழுங்க வைக்க, அதை எடுத்துப் பேசியிருக்கிறாள். அப்பா எந்தக் குரலை எதிர்த்து முப்பது வருடம் கொடி பிடித்தாரோ, அதேதான்.

சுடிதார்ப் பையில் போன் துடித்தது. ஷமீரா. எடுத்ததும், “எழில், மணி ரெண்டு அம்பது. எங்கப்பா இருக்க? பாட்டுச் சத்தம் கேக்குது” என்றாள்.

“வெளிய இருக்கேன்.”

“ரிப்போர்ட்?”

“இப்ப அனுப்புறேன்.”

வரப்பில் உட்கார்ந்தபடியே போனில் அந்தப் படிவத்தைத் திறந்தாள். அப்டேட் எத்தனை நிமிடம், எங்கே நின்றது, எதோடெல்லாம் சேர்ந்தது, எதோடு முதலில் சேரவில்லை. விரல் தன்பாட்டுக்கு நிரப்பிக்கொண்டு போனது. கருவியின் திரையைப் படமெடுத்து இணைக்கச் சொல்லியிருந்தார்கள். சேறு ஒட்டியிருந்த மூலையைச் சுடிதாரில் துடைத்துவிட்டு எடுத்தாள். படத்தின் ஓரத்தில் வயல் பச்சை கொஞ்சம் விழுந்துவிட்டது. கடைசிக்கு முந்தைய கேள்வி, இயர்போன் அணிந்திருக்கும்போது வெளிச்சத்தம் உள்ளே வருகிறதா என்பது. அவள் எதிரே பார்த்தாள். எட்டு முதுகுகள். கரகரக்கும் பாட்டு. சேற்றிலிருந்து கால் பிடுங்குகிற சத்தம். எதுவும் கேட்கவில்லை என்று எழுதினாள். கடைசிக் கேள்வி, கேட்ட அனுபவத்தை ஒரு வரியில். மூன்றடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது, மிகவும் நன்றாக இருந்தது என்று மட்டும் எழுதி அனுப்பினாள். அது உண்மைதான். அன்றைய நாளில் அவள் சொன்னதிலேயே அது ஒன்றுதான் முழு உண்மை.

வெள்ளிக்கிழமை வந்த பட்டியலில் அவள் பெயர் முதலில் இருந்தது. ஷமீரா சந்தோஷமாகக் கூப்பிட்டு, இனிமே நீ ஊரை விட்டு எங்கயும் வர வேண்டியதில்ல என்றாள். பகலவனும் கேட்டுவிட்டு, நல்லதாப் போச்சு, இனி அம்மா விஷயத்த ஆற அமர யோசிக்கலாம் என்றான். அதெல்லாம் பிறகு வந்த சேதிகள். அன்று மூன்று மணிக்கு அவளுக்கு அது எதுவும் தெரியாது. அனுப்பிய பிறகு போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, வரப்பிலேயே இருந்தாள். மேற்கே கறுத்திருந்தது. ஜலீல் திரும்பி வந்து, “இருக்கட்டும்மா. அந்தத் துண்டு நெலம் முடிஞ்சா தானா கரையேறுவாங்க” என்று சொல்லிவிட்டு, ஒரு பாட்டில் தண்ணீரை அவளருகில் வைத்துவிட்டுப் போனார்.

நடுகிறவர்கள் பின்னோக்கித்தான் நகர்வார்கள். நட்டதை மிதிக்காமல் ஒவ்வொரு அடியாகப் பின்வாங்குவார்கள். அந்த வரிசை அவள் உட்கார்ந்திருந்த வரப்பை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தது. முகங்கள் அந்தப் பக்கம், முதுகுகள் இந்தப் பக்கம். அம்மாவின் முன்னால் பச்சை வரி வரியாக நீண்டுகொண்டே போனது. அவளுக்குப் பின்னால், எழில்மொழிக்கும் அவளுக்கும் நடுவில் இருந்த வெற்றுச் சேறு ஒவ்வொரு அடியாகக் குறைந்தது. அதன்பிறகு அம்மா ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சேலையின் பின்கொசுவம் நனைந்து கனத்துத் தொங்கியது. கெண்டைக்காலில் நரம்புகள் முடிச்சு முடிச்சாகத் தெரிந்தன. முதல் தூறல் சேற்றில் விழுந்து புள்ளியிட்டது. யாரும் நிமிரவில்லை. எழில்மொழி கால்களைக் கீழே தொங்கவிட்டாள். பாதம் சேற்றைத் தொட்டது. இளஞ்சூடாக இருந்தது. அம்மா இன்னும் ஒரு அடி பின்னால் எடுத்து வைத்தாள்.